அகப்பையின் நீளம்: தொட மறுத்த ஒரு குழந்தையும் ஒரு தாம்பாளம் அரிசியும்

தம்பி உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். வியர்வையில் மூன்று அரிசி ஒட்டியிருந்தது. அவ்வளவுதான், வீடே அதிர அழத் தொடங்கிவிட்டான். கையை உதறினான். ஒன்று விழுந்தது, மற்ற இரண்டும் விழவில்லை. அழுகை இன்னும் கூடியது. நான் ஓடிப்போய்த் துடைத்துவிட்டேன். அதன் பிறகு பத்து நிமிடம் முன்கதவின் ஓரத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

மலேசியாவில், பினாங்கு குளுகோரில் ஒரு தரை வீட்டில் நானும் ஓர் உதவியாளரும் ஆறு பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறோம். சின்னவளுக்கு ஒன்றரை வயது. பெரியவளுக்கு நான்கு நிறையப் போகிறது. வெவ்வேறு குடும்பங்களிலிருந்து நான்கு வயதுக்குக் குறைந்த நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ வந்தால், 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நலத் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது அந்த விதிகளின் கணக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப் போகும் எதையும் ஒருவராகப் பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்ய முடியாது.

இது அந்த ஆறு பேரில் ஒருவனைப் பற்றிய பதிவு. அவனைத் தம்பி என்றே எழுதுகிறேன். பன்னிரண்டு வாரம் ஒரு பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்தில் குறித்து வைத்ததிலிருந்து எடுத்தது. இணையத்தில் ‘சென்சரி பின்’ என்று தேடினால் வண்ண வண்ணப் படங்களாக வந்து கொட்டும். விஷயம் எளிமையானதுதான்: ஒரு பெட்டி, அதில் தொட்டு அள்ளி விளையாட ஒரு பொருள், அள்ளவும் ஊற்றவும் இரண்டொரு சாமான். எங்கள் பிள்ளைகள் அதைப் ‘பேசின்’ என்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

தம்பி வந்தபோது

இரண்டு வயதும் நான்கு மாதமும். அம்மா பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அப்பா லாரி ஓட்டுகிறார். நல்ல ஆரோக்கியமான பிள்ளை, நன்றாக ஓடுவான், நம் கண்ணைப் பார்த்துச் சிரிப்பான். பேச்சு மட்டும் நான்கைந்து சொல்லோடு நின்றிருந்தது: அம்மா, நோ, சுசு (மலாயில் பால்), வா, பாபாய். சாப்பாட்டைக் கரண்டியில்தான் ஊட்ட வேண்டும், கையில் கொடுத்தால் பிஸ்கட் தவிர எதையும் வாங்க மாட்டான். புல்லில் இறக்கிவிட்டால் காலைத் தூக்கிக்கொள்வான். கையில் தண்ணீர் பட்டால் பரவாயில்லை, ஆனால் சோப்பு நுரை பட்டால் அழுகை.

“வீட்ல எல்லாரும் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டோம்னு சொல்றாங்கக்கா,” என்றார் அவன் அம்மா. நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சில பிள்ளைகளுக்குத் தொடு உணர்ச்சி மற்றவர்களைவிடக் கூர்மையாக வேலை செய்கிறது. நமக்கு ஒரு மணி அரிசி, அவனுக்கு அது ஊசி மாதிரி இருக்கலாம். அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரப்பிஸ்டாக, அதாவது அன்றாடக் காரியங்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளராக இருந்த ஜீன் ஏர்ஸ் 1960களிலும் 70களிலும் இதைப் பற்றித்தான் நிறைய எழுதினார். அந்தக் கூச்சத்தைப் பிடிவாதம் என்று நினைத்துப் பிள்ளையின் கையைப் பிடித்து அழுத்தி வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் கை அப்புறம் நம்மிடம் வரவே வராது.

அரசாங்கக் கிளினிக்கில் தாதியிடம் சொல்லி, காது கேட்கும் திறனைப் பார்த்தாகிவிட்டது. அதில் குறையில்லை. மருத்துவமனையில் தெரப்பிக்கும் தேதி வாங்கியிருந்தார்கள். அந்தத் தேதி வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்றுதான் நான் பேசினைத் தொடங்கினேன். அது சிகிச்சை இல்லை என்பதை அவன் அம்மாவிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

முதல் பேசின், எல்லாமே அதிகம்

நான் செய்ததை முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இங்கேதான் தொடங்குகிறார்கள்.

கடைத்தெருவுக்குப் போனேன். லெபோ பாசாரைப் பினாங்குத் தமிழர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறோம். அங்கே உணவுச் சாயம் ஏழு நிறத்தில் வாங்கினேன். மிஸ்டர் டிஐஒய் கடையில் 45 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 12 உயரத்தில் மூடி போட்ட தெளிவான பெட்டி. உள்ளூர் வெள்ளை அரிசி ஐந்து கிலோ, கட்டுப்பாட்டு விலையில் 13 வெள்ளி (ரிங்கிட்). இந்த அளவுப் பெட்டியில் ஐந்து கிலோ போட்டால் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நிற்கும், ஒரு குழந்தையின் கை மணிக்கட்டு வரை புதையும். சாயம் ஏற்றுவது சுலபம்: ஒரு கப் அரிசிக்கு ஒரு தேக்கரண்டி வினிகர், சில சொட்டுச் சாயம், மூடிய டப்பாவில் போட்டு நன்றாகக் குலுக்கு, தட்டில் பரப்பு. வினிகர் சாயத்தை எல்லா மணியிலும் சமமாகப் பரப்பிவிட்டு, தானும் சீக்கிரம் ஆவியாகிவிடும். நம் ஊர் ஈரத்துக்கு, மின்விசிறிக்கடியில் ஓர் இரவு முழுக்கக் காய வேண்டும்.

ஏழு நிறத்தையும் பட்டை பட்டையாக அடுக்கினேன். மேலே பிளாஸ்டிக் மிருகங்கள், கப்புகள், புனல், இடுக்கி, எழுத்துகள். பார்க்க அவ்வளவு அழகு.

நான்கு பிள்ளைகள் ஆறே நிமிடத்தில் முடித்தார்கள். கலந்தார்கள், மிருகங்களுக்குச் சண்டை, கொட்டினார்கள், எழுந்து போய்விட்டார்கள். போர்ச் முழுக்க அரிசி. அந்த ஆறு நிமிடமும் நான் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்: இது என்ன கலர்? எத்தனை யானை? வாட் கலர்? பதில் சொன்னது பெரியவள் மட்டும். தம்பிக்கு நடந்ததை மேலே சொல்லிவிட்டேன்.

அத்தை சொன்னது

சாயங்காலம் என் மாமியார் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தார். பெருக்கவில்லை. குனிந்து அரிசியைக் கையால் கூட்டி முறத்தில் அள்ளினார். அவர் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். அரிசியை அளந்து வாங்கி, அளந்து உலையில் போட்ட வீடு.

“என்னம்மா இது, அன்னத்தைப் போட்டுப் பிள்ளைங்கள மிதிக்க விடுற?”

நான் விளக்கம் சொல்லப் பார்த்தேன். நாலு மணி அரிசிதானே அத்தை, சமைக்கப் போவதில்லையே, இப்படி. அவர் கேட்டுவிட்டு, “வெளையாட வேணாம்னு சொல்லல. ஒக்கார வச்சுக் குடு. ஓம் மகனுக்கு அரிசியிலதானே ‘அ’ எழுத வச்சோம்? அப்ப அவன் மிதிச்சானா?” என்றார்.

இதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். விஜயதசமியன்று தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம். மூன்று வயதுப் பிள்ளை எங்கே உட்கார வேண்டும், எப்படி உட்கார வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாமலே தெரிந்துகொள்கிறது. பாய் விரித்திருக்கிறது, எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், தட்டில் ஒரே ஒரு பொருள். கலர் இல்லை, பொம்மை இல்லை. அது நம் வீட்டில் தலைமுறையாக இருந்த தொடுவிளையாட்டு. அதை வைத்துக்கொண்டு நான் இணையத்தில் படம் தேடியிருக்கிறேன்.

குழந்தைக் கல்வியில் பேர்போன மரியா மாண்டிசோரியும் தம் சாமான்களை இப்படித்தான் செய்தார். ஒரு சாமானில் ஒரு குணம்தான் மாறும். சொரசொரப்பைக் கற்றுக்கொடுக்கும் பலகையில் நிறமும் வடிவமும் ஒன்றாகவே இருக்கும், சொரசொரப்பு மட்டும் மாறும். மணல்தாளில் வெட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவும். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், போர் முடியும் வரை இந்தியாவில்தான் இருந்தார். யார் வீட்டிலாவது நம் அரிசித் தாம்பாளத்தை அவர் பார்த்திருப்பாரா என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

அரிசியை விளையாட்டுக்கு எடுப்பதே தப்பு என்று நினைக்கும் குடும்பங்களை நான் மதிக்கிறேன். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தண்ணீரோ காய்ந்த இலையோ தேங்காய் நாரோ போதும். எங்கள் வீட்டில் அத்தையோடு பேசி முடிவு செய்தது இது: குருணையும் பழைய அரிசியும்தான் பேசினுக்கு. பாய் விரிக்காமல் பேசின் இல்லை. கால் உள்ளே வராது. சாயம் ஏற்றிய அரிசியைத் தீபாவளிக்கு எடுத்து வைத்தால், அத்தை அதில் வாசலில் கோலம் போட்டுக்கொள்வார். இங்கே பேரங்காடிகளில் பெரிய பெரிய கோலங்களைச் சாய அரிசியில்தானே போடுகிறார்கள். ஒன்று மட்டும், கோலத்துக்கென்று கடையில் விற்கும் பொடிச் சாயத்தைப் பிள்ளைகள் தொடும் அரிசியில் ஏற்றாதீர்கள். அது வாய்க்குள் போகிற சாயம் இல்லை.

தாம்பாளமும் அகப்பையும்: முதல் நான்கு வாரம்

இரண்டாவது முயற்சி அத்தையின் பித்தளைத் தாம்பாளத்தில். சாயமில்லாத வெள்ளைக் குருணை, ஒரு சிரட்டை அகப்பை, ஓர் எவர்சில்வர் டம்ளர். பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக. தம்பிக்குப் பக்கத்தில் மடித்த துண்டு ஒன்று. கையில் ஏதாவது ஒட்டினால் உடனே துடைத்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம். இந்தத் துண்டுதான் பன்னிரண்டு வாரத்திலும் நான் செய்த மிக உபயோகமான காரியம் என்று இப்போது நினைக்கிறேன். தப்பிக்க வழி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை கொஞ்ச நேரம் கூட உட்காரும்.

அகப்பையின் கைப்பிடி ஒரு முழத்துக்குக் கிட்டத்தட்ட இருந்தது. அவன் கைக்கும் அரிசிக்கும் நடுவே அவ்வளவு தூரம். முதல் இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் நான் அள்ளி டம்ளரில் ஊற்றியபோது தலை திரும்பியது.

அவனை இழுத்தது அந்த ஓசை. வெறும் டம்ளரில் அரிசி விழும்போது முதலில் தடித்த சத்தம் வரும். நிரம்ப நிரம்ப உள்ளே இருக்கும் காற்றின் உயரம் குறைகிறது, சத்தம் மெல்லிதாகி மேலே ஏறுகிறது. வாய் வரை வந்ததும் சட்டென்று ஓசையே இல்லாமல் அரிசி மேல் அரிசி விழும். பிளாஸ்டிக் கப்பில் இந்த ஏற்றம் இவ்வளவு தெளிவாகக் கேட்காது. நான்காம் நாள் தம்பி அகப்பையை வாங்கினான். ஊற்றினான். தலையைச் சாய்த்து டம்ளர் பக்கம் காதைக் கொண்டுபோனான். கவிழ்த்தான், மறுபடி ஊற்றினான். அன்று அவன் எத்தனை முறை ஊற்றினான் என்று எண்ணத் தொடங்கி முப்பதில் விட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த பிள்ளை எழுந்து போனதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

இங்கேதான் எனக்கு அடுத்த வழி தெரிந்தது. பொருளை மாற்ற வேண்டாம், கைப்பிடியைக் குறைப்போம். முதல் வாரமும் இரண்டாம் வாரமும் அகப்பை. மூன்றாம் வாரம் குழம்புக் கரண்டி. நான்காம் வாரம் தேக்கரண்டி. தாம்பாளம் அதேதான், அரிசி அதேதான், டம்ளர் அதேதான். வாராவாரம் புதுப் பேசின் போடும் ஆசை எனக்கும் இருந்தது. திங்கட்கிழமை கடல், அடுத்த திங்கள் பண்ணை, அதற்கடுத்து டைனோசர். நாம் சலித்துப்போகிற வேகத்தில் பிள்ளைகளுக்குச் சலிப்பதில்லை. இரண்டாம் வாரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் மூன்றாம் வாரத்தில் சமைத்தார்கள். நான்காம் வாரம் பெரியவள் கடை வைத்து எங்களுக்கு அளந்து விற்றாள். பொருளை மாற்றிக்கொண்டே இருந்திருந்தால், முதல் நாள் போலக் கொட்டுவதை மட்டும்தான் நான் பார்த்திருப்பேன்.

தேக்கரண்டி வந்த வாரம் தம்பியின் விரல் நுனியில் அரிசி படத்தான் செய்தது. பட்டதும் கையைத் தூக்குவான், பார்ப்பான், துண்டில் துடைப்பான், மறுபடி கரண்டியை எடுப்பான். அழவில்லை. ஒரு நாள் ஒன்பது முறை துடைத்தான். வெள்ளிக்கிழமை நான்கு முறை.

நான் பேச்சைக் குறைத்த கதை

இதே வாரங்களில் என் வாயையும் கவனிக்க ஆரம்பித்தேன். கேள்வி கேட்பதை நிறுத்துவது சொல்வதற்குச் சுலபம், நாக்கு கேட்காது. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். நானும் ஒரு கரண்டி எடுத்து விளையாடுவேன். பிள்ளையின் கை பொருளில் இருக்கும் நேரத்தில் மட்டும் ஒரு சொல் சொல்வேன், வாக்கியம் கூட இல்லை.

தமிழில் இதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் செல்வத்தைப் பாருங்கள். சொரசொர, வழவழ, கொழகொழ, பிசுபிசு, மொழுமொழு, நறநற, பொலபொல, சலசல. இலக்கணத்தில் இரட்டைக்கிளவி என்று படித்தது இதைத்தான். பிரித்தால் பொருள் நிற்காது, சேர்த்துச் சொன்னால் கைக்கே தெரியும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு மொழியில் எனக்குத் தெரியாது: ஒரே ஒலி இரண்டு முறை வருகிறது, சொல்ல எளிது, சொல்லும்போதே உணர்ச்சி வாயில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் நிறத்தை ஆங்கிலத்தில் சொல்கிறார்கள், பாலை மலாயில் கேட்கிறார்கள். அது பினாங்கு வாழ்க்கை, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தொட்டதைச் சொல்லும் சொல்லாவது தமிழில் இருக்கட்டும் என்று எனக்கு மனதார ஆசை.

அரிசி விரலிடுக்கில் விழும்போது “பொலபொல”. அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை.

என் தவறு: ஐந்தாம் வாரம்

அரிசியில் வண்டு வந்துவிட்டது. அத்தை தன் வழக்கப்படி நான்கு காய்ந்த மிளகாயைப் பெட்டியில் போட்டு வைத்தார். சமையலறை அரிசிக்கு எல்லாரும் செய்வதுதான். நான் காலையில் மிளகாயை எடுத்துவிட்டுப் பேசினை வைத்துவிட்டேன். ஒரு மிளகாய் உடைந்திருந்ததை நான் பார்க்கவில்லை.

கால் மணி நேரத்தில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒருத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு அலறினாள். மிளகாயின் காரம் எண்ணெய்ப் பசையோடு இருப்பது, தண்ணீரில் கரையாது. விதையும் பொடியும் பட்ட அரிசியைத் தொட்ட விரல் கண்ணுக்குப் போனால் இதுதான் நடக்கும். அவள் கையைச் சோப்பு போட்டுக் கழுவினோம். கண்ணில் சாதாரணத் தண்ணீரைக் கால் மணி நேரம் மெல்ல விட்டுக்கொண்டே இருந்தோம். சிவப்பு மதியத்துக்குள் வடிந்தது. மாலையில் அவள் அம்மா வந்ததும் வாசலிலேயே நடந்ததைச் சொன்னேன். முகம் மாறியது. மறுநாள் பிள்ளையைக் கிளினிக்கில் காட்டிவிட்டுத்தான் கொண்டுவந்தார், அது அவர் உரிமை. அந்த அரிசி முழுதும் குப்பைக்குப் போனது. மிளகாய் போட்டது அத்தையாக இருக்கலாம், பார்க்காமல் வைத்தது நான்.

இப்போது வண்டுக்கு வேறு வழி. வாங்கிய அரிசியைக் காற்றுப் புகாத பையில் கட்டி நான்கு நாள் உறைபெட்டியில் வைக்கிறேன், முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விட வேண்டும். உடனே திறந்தால் ஈரம் கோத்துக்கொள்ளும். விளையாடி முடித்ததும் அரிசியைத் தட்டில் பரப்பி விசிறிக்கடியில் ஒரு மணி நேரம். மாதம் ஒரு முறை புது அரிசி.

அந்த நாளுக்குப் பிறகு தம்பி ஒரு வாரம் பேசின் பக்கம் வரவில்லை. அவன் கண்ணில் எதுவும் படவில்லை, அலறலைக் கேட்டது போதுமாக இருந்தது. மறுபடி அகப்பையிலிருந்து தொடங்கினோம்.

ஈரம்

ஏழாம் வாரம் ஒரு பெற்றோர் ஆசையோடு ஒரு பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீரில் ஊறினால் கண்ணாடிக் கோலி போலப் பெருக்கும் வண்ண மணிகள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கடுகளவு இருக்கும் இந்த மணிகள் நீரை உறிஞ்சிப் பல மடங்கு பெருக்கும். பிள்ளை விழுங்கினால் வயிற்றுக்குள் போய்ப் பெருத்துக் குடலை அடைக்கும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, அதனால் மருத்துவருக்கும் கண்டுபிடிப்பது சிரமம். அமெரிக்காவில் ஒரு குழந்தை இறந்திருக்கிறது. 2023 கடைசியில் அமேசான், வால்மார்ட், டார்கெட் மூன்றும் பிள்ளைகளுக்கென்று இதை விற்பதை நிறுத்தின. ஒரு மணி சோபாவுக்கு அடியில் உருண்டு கிடந்தாலும் தவழும் பிள்ளைக்கு அது எட்டும். வாங்கிய பாக்கெட்டை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன், காரணத்தையும் சொன்னேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே சுகத்தை ஜவ்வரிசி தருகிறது. சேலத்து ஜவ்வரிசி மரவள்ளியில் செய்வது. இங்கே சரவாக்கிலிருந்து வரும் சாகோ, பனை மாதிரியான ரும்பியா மரத்தின் சோற்றிலிருந்து எடுப்பது. எதுவானாலும் பேசினுக்குச் சரி. நிறையத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, சின்ன ஜவ்வரிசியைத் தூவிக் கிளறி, பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவிட வேண்டும். நடுவில் வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சும்போது அடுப்பை அணைத்து மூடிவிட்டால் அதுவும் மறைந்துவிடும். வடிகட்டியில் கொட்டிக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு முறை அலசினால் ஒட்டாமல் மணி மணியாக நிற்கும். வாயில் போட்டாலும் உணவுதான், நசுங்கும். அன்றைக்கே கொட்டிவிட வேண்டும், நம் வெயிலுக்கு மறுநாள் புளித்துவிடும்.

தம்பிக்கு முதலில் ஜவ்வரிசியை ஜிப் பையில் போட்டுக் காற்றை எடுத்து மூடிக் கொடுத்தேன். கை நனையாமல் உள்ளே நழுவுவதை அழுத்திப் பார்க்கலாம். “வழவழ.” இரண்டு வாரம் பை மட்டும்தான். பிறகு பையைத் திறந்து ஒரு கிண்ணத்தில், கரண்டியோடு. கரண்டிக்கு மேல் அவன் போகவில்லை.

தண்ணீர்ப் பேசின் அவனுக்குப் பிடித்தது, எல்லாருக்கும் பிடித்தது. மூன்று சென்டிமீட்டர் தண்ணீர், பாண்டான் இலைத் துண்டு, சிரட்டை. அந்த மூன்று சென்டிமீட்டரும் ஒரு குழந்தையை மூழ்கடிக்கப் போதும். தொலைபேசி அடித்தால் பேசினையும் கையோடு தூக்கிக்கொண்டு போகிறேன். முடிந்ததும் கொட்டிவிட்டுப் பெட்டியின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது, அடுத்த முறை தண்ணீர் விட்டதும் பொரிக்கும். டிங்கிக் காய்ச்சல் இருக்கும் ஊரில் கொட்டினால் மட்டும் போதாது.

வயதைப் பற்றி இரண்டு வரி. ஒன்றரை வயதுப் பாப்பாவுக்கு அரிசி கொடுப்பதில்லை, தண்ணீரும் ஜவ்வரிசியும் மட்டும். மூன்று வயதுக்குக் கீழே கொண்டைக்கடலை, மொச்சை, பாசிமணி எதுவும் வேண்டாம். மூக்கில் போன கடலை ஈரத்தில் ஊதிக்கொள்ளும். பொம்மைச் சோதனைக்கு வைத்திருக்கும் உருளையின் வாய் 3.17 சென்டிமீட்டர். டாய்லெட் பேப்பர் சுற்றிய அட்டைக்குழாய் அதைவிடச் சற்று அகலம், அதற்குள் விழும் கெட்டியான எதையும் சின்னப் பிள்ளை பேசினில் நான் போடுவதில்லை. பச்சை மாவும் கொடுப்பதில்லை, வேகாத மாவில் கிருமி இருக்கலாம். பிசைந்த மாவு வேண்டுமென்றால் உப்பும் எண்ணெயும் சேர்த்து அடுப்பில் கிளறி எடுத்ததுதான். உப்பு அதிகம், தின்ன விடக் கூடாது.

அப்புறம் கை, கால், வாய்ப்புண் நோய். ஒரு பிள்ளைக்கு வாயில் புண்ணோ காய்ச்சலோ தெரிந்தால் அன்று தொட்ட அரிசியையும் ஜவ்வரிசியையும் கொட்டிவிடுகிறோம். விளையாட முன்னும் பின்னும் சோப்பு. இந்த நோயின் வைரஸுக்கு சானிடைசர் ஜெல்லைவிடச் சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் நல்லது.

பதினொன்றாம் வாரம், புதன்கிழமை

மழை. போர்ச்சில் சாரல் அடித்ததால் தாம்பாளத்தை உள்ளே கூடத்தில் வைத்தோம். அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தம்பி தேக்கரண்டியில் ஊற்றிக்கொண்டிருந்தான். கரண்டி நழுவி அரிசிக்குள் விழுந்து மறைந்துவிட்டது.

நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். அத்தை தலையை அசைத்தார், வேண்டாம் என்று. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

அவன் அந்த இடத்தையே பார்த்தான். துண்டைப் பார்த்தான். ஒரு விரலை விட்டான், எடுத்தான். இரண்டு விரல். அப்புறம் கை மணிக்கட்டு வரை போனது. கரண்டி கிடைத்துவிட்டது, ஆனால் அவன் கையை வெளியே எடுக்கவில்லை. உள்ளேயே விரல்களைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான், அரிசியின் மேல்பரப்பு மெல்ல எழும்பி அடங்கியது. பிறகு கையை நிறைய அள்ளித் தூக்கி, விரலைத் தளர்த்தினான்.

“பொப்பொல,” என்றான்.

அத்தை கீரையைக் கீழே வைத்துவிட்டார். நான் எதுவும் சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை. பாராட்டினால் நிறுத்திவிடுவான் என்று பயம். அவன் அதை இன்னும் நான்கு முறை செய்தான்.

இன்று

பன்னிரண்டாம் வாரம் முடிவில் குறிப்பு: அரிசியில் இரண்டு கையும் போகிறது. துண்டு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை. தொடுவதைப் பற்றி மூன்று சொல் வந்திருக்கிறது, மொத்தத்தில் பதினேழு சொல் எண்ணினேன். இதில் பேசினின் பங்கு எவ்வளவு, மூன்று மாதம் வளர்ந்ததன் பங்கு எவ்வளவு என்று நான் பிரித்துச் சொல்லப் போவதில்லை. அவன் அம்மா ஷிஃப்ட் முடிந்து வீட்டில் அரிசி களையும்போது பக்கத்தில் முக்காலி போட்டு நிற்கிறானாம். “களையிற தண்ணிய அவன்தாக்கா ஊத்துறான்,” என்றார். கைத்தொலைபேசியில் வீடியோ காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மருத்துவமனையில் தெரப்பி தொடங்கிவிட்டது. என் பயிற்சிப் புத்தகத்தைத் தெரப்பிஸ்ட் முழுக்கப் படித்துவிட்டுத்தான் தன் திட்டத்தைப் போட்டார். வீட்டில் அகப்பையைத் தொடரச் சொல்லியிருக்கிறார், அத்தோடு காலுக்கும் ஒரு தட்டு அரிசி. அத்தையிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “காலுக்குன்னா அரிசி வேணாம், உமி வாங்கிட்டு வா,” என்றார். கெடாவில் ஓர் அரிசி ஆலையில் உமி கேட்டிருக்கிறோம். அதைச் சல்லடையில் சலித்துத் தூசி போக்காமல் பிள்ளைகள் பக்கம் கொண்டுவரக் கூடாது.

ஜவ்வரிசி அவனுக்கு இன்னும் பிடிக்கவில்லை. நேற்றும் கரண்டியால் ஒரு மணியை எடுத்து, விளிம்பில் வைத்து, “கொழகொழ, நோ,” என்று சொல்லித் திரும்பப் போட்டுவிட்டான். துண்டு அவன் முட்டிக்குப் பக்கத்தில் மடித்தபடியே இருந்தது.